கரை மீண்டது என்பது யாது?

2005 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஆழிப்பேரலையால் அழிவுற்ற நாகப்பட்டினக் கரைக்கு நம் சங்கத்து அன்பர்கள் சிலருடன் அரிசியும் ஆடைகளும் கொண்டு சென்றிருந்தேன். ஒரு மீனவர் ஊரில், தம் மக்கள் இருவரையும் இழந்த அம்மையார் ஒருவர் உடைந்த கட்டுமரத்தின் அருகே அமர்ந்திருந்தார். அவருக்கு ஆறுதலாக ஏதேனும் கூறுதல் என் கடமை என்று எண்ணினேன். "அம்மா, இயற்கை தன்னைத் தானே சரிசெய்து கொள்ளும். கடல் மீண்டும் வளம் தரும். உயிர்கள் மீண்டும் தழைக்கும்" என்றேன். அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "மீனு மறுபடியும் வரும்யா, வராம எங்க போவும்? அதச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபுறம் திரும்பிக்கொண்டார்.

நான் கூறியதில் பொய் ஒன்றும் இல்லை. அவரும் அதனைப் பொய் என்று கூறவில்லை. ஆயினும் அது கூறத்தகாத சொல்லாயிற்று. மெய்யான ஒரு சொல் எவ்வாறு தகாத சொல்லாகும்? இவ்வினா பல்லாண்டுகள் என் நெஞ்சில் தைத்துக் கிடந்தது. நிலநடுக்கத்தாலும் பேரலையாலும் சிதைந்த பாறைக் கரைகளில் உயிர்கள் எவ்வாறு மீள்கின்றன என்று உயிரியல் அறிஞர்கள் ஆராய்ந்து எழுதியவற்றைப் பின்னர்ப் படிக்க நேர்ந்தபோது, அதற்கு விடை காணும் வழியொன்று தென்பட்டது. அதனை அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

பாறைக் கரையைக் கூர்ந்து நோக்கியவர் நம்முள் சிலரே இருப்பர். மணற் கரையில் உயிர்கள் மறைந்து வாழ்கின்றன. பாறைக் கரையிலோ அவை படிப்படியாக, ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பாரைப் போல, வெளிப்படையாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஓதம் ஏறி இறங்கும் அந்தச் சில முழ உயரத்தில் மேற்படியில் கொட்டலசுகள், அதற்குக் கீழே மட்டிகள், அதற்கும் கீழே பெருங்கடற்பாசிகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. மேலெல்லையைப் பெரும்பாலும் வெயிலும் உலர்வும் வகுக்கின்றன. கீழெல்லையை இரை தேடும் பகை உயிர்களும் இடத்துக்கான போட்டியும் வகுக்கின்றன. ஒரு சாண் மேலேறினால் காய்ந்து சாவு; ஒரு சாண் கீழிறங்கினால் பிறிதோர் உயிரின் வாயில் சாவு. அத்துணை ஒடுங்கிய இடத்தைத்தான் அவ்வுயிர்கள் தம் உலகம் என்று பற்றிக்கொண்டுள்ளன. நிலம் அசையாது என்பதே அவ்வாழ்வு முழுவதற்கும் அடிப்படை.

அந்நிலம் அசைந்தது. 2016 ஆம் ஆண்டு நவம்பர் 14 ஆம் நாள், நள்ளிரவு கடந்து இரண்டு நிமிடம் ஆனபோது, நியூசிலாந்து நாட்டின் தென் தீவில் கைக்கோரா என்னும் ஊரை அடுத்த பகுதியில் 7.8 அளவுள்ள நிலநடுக்கம் நேர்ந்தது. இருபதுக்கு மேற்பட்ட நிலப்பிளவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவின. மனிதர் இருவர் மாண்டனர். பேரலையும் எழுந்தது. கூசு விரிகுடாவில் நீர் ஏறிய தடம் ஏறக்குறைய 7 மீட்டர் உயரத்தில் காணப்பட்டது. ஆயினும் கரையுயிர்களைப் பெரிதும் கொன்றது அலையன்று, நிலம் உயர்ந்ததே ஆகும். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரை ஒரே இரவில் மேலெழுந்தது. கைக்கோரா மூவலந்தீவில் அவ்வுயர்வு ஏறக்குறைய ஒரு மீட்டர். வடக்கே வைப்பாப்பா விரிகுடாப் பக்கத்தில் 6 மீட்டர் வரை. அங்கு ஓதத்தின் ஏற்றத்தாழ்வோ 2 மீட்டர் அளவினதே. ஆதலின் நேற்று வரை நீரடியில் இருந்த பாறை, உயர் ஓதமும் எட்டாத மேட்டு நிலமாயிற்று.

பொழுது விடிந்தபோது கடல் விலகிப்போன பாறைகளில் தோல் வார் போன்ற பெரும்பாசிகள் மடிந்து கிடந்தன. சிங்கி இறால்களும் நத்தைகளும் நட்சத்திர மீன்களும் இருந்த இடத்திலேயே கிடந்தன. அவற்றோடு பாவுவா என்னும் ஒற்றை ஓட்டுயிர்களும் எண்ணிறந்தன கிடந்தன. பாவுவா காதின் வடிவினது. அதன் ஓட்டின் உட்புறம் மயிற்கழுத்துப் போல நீலமும் பச்சையுமாய் ஒளிரும். அதன் ஊன் அந்நாட்டில் மிகுந்த விலை பெறுவது.

அப்போது ஊர் மக்களும், பாவுவா பிடித்துப் பிழைக்கும் முத்துக்குளிப்பார் போன்ற மூழ்காளிகளும், பிற தன்னார்வலரும் கூடி, அவற்றைப் பாறையினின்று பெயர்த்து எடுத்து மீண்டும் ஆழ நீரில் கொண்டுபோய் விட்டனர். இஃது எளிய செயலன்று. பாவுவாவின் இரத்தம் நம் இரத்தத்தைப் போல உறையும் தன்மையுடையதன்று. கத்தி முனை சற்றே கீறினும் குருதி வடிந்து அது மாண்டுபோகும். ஆதலின் இரக்கம் மட்டும் அங்கே போதவில்லை. மெல்லப் பெயர்க்கும் கைப்பழக்கமும், ஒட்டிக்கொள்ளத் தக்க பாறை எங்குளது என்னும் அறிவும் வேண்டியிருந்தன. அவை பிடித்துப் பழகியவரிடமே இருந்தன.

இதனை நம் அன்பர் ஒருவரிடம் வியந்து கூறியபோது அவர் உடன்படவில்லை. "அவர்கள் காத்தது பின்னொரு நாள் பிடித்து விற்பதற்கன்றோ? ஆட்டை அறுப்பவன் அதற்கு நீர் வைப்பதையும் கருணை என்பீரோ?" என்று வினவினார். எளிதில் தள்ளத்தக்க வினாவன்று இது. நோக்கமே வினை என்று பகவன் வகுத்த நெறியில் நிற்போர் நோக்கத்தை ஆராய்ந்தே தீரவேண்டும். ஆயினும் ஒரு நெஞ்சில் ஒரு நோக்கமே இருக்கும் என்று கொள்வது ஏட்டில் மட்டுமே கூடும். குளிர்ந்த நீரில் குனிந்து நின்று, கூடை கூடையாகச் சுமந்து சென்றவரின் கண்முன் அந்நேரத்தில் இருந்தது அடுத்த ஆண்டின் விலையா, தசை சுருங்கிக் காய்ந்துகொண்டிருந்த உயிரா? இரண்டும் இருந்திருக்கும் என்றே நான் கருதுகிறேன். அன்று அவற்றுள் பின்னது கையை இயக்கியது. முன்னது பின்னர் என்ன செய்தது என்பதைக் கீழே காண்போம்.

இனி அக்கரை மீண்டதா என்று பார்ப்போம். காண்டர்பரிப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் டேவிட் சீல் என்பாரின் தலைமையில் பல்லாண்டு அக்கரையை ஆராய்ந்து வந்தனர். நிலநடுக்கத்துக்குப் பின் காலியான பாறையில் புதிய உயிர்கள் உடனே வந்து நிறையும் என்றே நம்மனோர் எண்ணுவோம். அவ்வாறு நிகழவில்லை. பெரும்பாசி ஒரு கூரையைப் போன்றது. அதன் நிழலில்தான் சிறு பாசிகளும் நத்தைக் குஞ்சுகளும் வெயிலுக்குத் தப்பி வாழ்ந்தன. கூரை போனபின் வெறும் பாறை வெயிலில் கொதித்தது. வந்து ஒட்டிய சிறு வித்துகள் கருகின. அக்கரையின் பாறையிற் பெரும்பகுதி மென்மையானது. பாசியின் போர்வை நீங்கியதும் அதுவே உதிரத் தொடங்கியது. உதிர்ந்த பரலும் வண்டலும் பக்கத்துப் பாறைகளை மூடின. ஒன்றின் அழிவு மற்றொன்றின் அழிவுக்குச் சார்பாகி, நடுக்கம் நின்ற பின்னும் அழிவு நிற்கவில்லை. 2017-18 ஆம் ஆண்டுக் கோடையில் கடல்நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியது. தெற்கே லிட்டல்டன் துறைமுகப் பகுதியில் சில பாறைகளினின்று பெரும்பாசி அறவே மறைந்தது.

பெரும்பாசியின் வாழ்க்கை முறை இங்கே அறியத்தக்கது. அதில் ஆண் வேறு, பெண் வேறு. அதன் வித்துகள் தாய்ப்பாசியை விட்டு நெடுந்தொலைவு செல்வதில்லை. ஒரு வகையின் இலையுள் தேனடை போன்ற காற்றறைகள் உண்டு. அலையில் பிடுங்கப்பட்டால் அது மிதந்து திங்கட்கணக்கில் கடலில் அலையும். மற்றொரு வகைக்கு அவ்வறைகள் இல்லை, பிடுங்கப்பட்டால் மூழ்கும். மிதந்து வருவதும் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, வித்திடும் பருவத்தில், தக்க பாறையின் அருகே வந்து சேர்ந்தாலன்றிப் பயனில்லை. இத்தனை சார்புகளும் ஒருங்கு கூடும் வரை பாறை காத்திருக்கிறது. "இயற்கை தானே சரிசெய்து கொள்ளும்" என்று ஒரு மூச்சில் நான் கூறிய சொற்றொடருக்குள் இத்தனையும் அடங்கிக் கிடந்தன என்பதை அன்று அறியேன்.

சரி, காலம் கழியட்டும். எண்ணூறு ஆண்டுகள் ஆனபின் முன்னிருந்தது மீளுமா? இதற்கும் அந்நாட்டிலேயே விடை உண்டு. தென் தீவின் தெற்கே ஒட்டாகோ மாவட்டத்தில், ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலநடுக்கத்தால் கரையின் ஒரு பகுதி உயர்ந்தது. இன்று அங்கே பாசிகள் செழித்து அசைகின்றன. காண்போர் எவரும் அழிவின் சுவடே இல்லை என்பர். ஆனால் 2020 ஆம் ஆண்டில் அறிஞர்கள் அப்பாசிகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, உயர்ந்த நிலத்தின் எல்லை எங்குத் தொடங்கி எங்கு முடிகிறதோ, அங்கேயே பாசியின் மரபும் மாறுவதைக் கண்டனர். பழைய குடிகள் அழிந்தபின் முதலில் வந்து ஒட்டிய சிலவற்றின் வழித்தோன்றல்களே அப்பகுதி முழுவதையும் நிரப்பியுள்ளன. பின்னர் வந்தவற்றுக்கு இடம் கிட்டவில்லை. நிலம் மறந்துவிட்ட அதிர்ச்சியைப் பாசியின் உடல் எண்ணூறு ஆண்டுகளாகச் சுமந்து நிற்கிறது.

இதனை மீட்சி என்பதா, குடிமாற்றம் என்பதா? அதே பாசியினம்தான், ஆயினும் அதே பாசியன்று. நாகசேன தேரர் மிலிந்த மன்னனுக்குக் காட்டிய இரவு விளக்கை அன்பர்கள் அறிவர். முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றெனவும் கூடாது, வேறெனவும் கூடாது. அவ்வுவமையை நாம் பலமுறை சொற்பொழிவுகளில் கேட்டுத் தலையசைத்திருக்கிறோம். கேட்குந்தோறும் அது நமக்கு ஓர் ஆறுதலாகவே ஒலித்துள்ளது: சுடர் தொடர்கிறது என்று. சுடர் தொடர்வதற்கு முன் எரிந்த எண்ணெய் தீர்ந்தாக வேண்டும் என்னும் மறுபாதியை நாம் எளிதில் விட்டுவிடுகிறோம்.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் சாந்தா மரியா தீவு இதற்கு இன்னும் தெளிந்த சான்று. 1835 ஆம் ஆண்டு பிப்ரவரி 20 ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின், பீகிள் கப்பலின் தலைவர் பிட்சுராய் அத்தீவை அளந்தார். நீருக்கு மேல் ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில், பாறையில் ஒட்டியபடியே அழுகிக் கிடந்த மட்டிகளைக் கொண்டே நிலம் எவ்வளவு உயர்ந்தது என்று அவர் கணித்தார். அக்கப்பலில் உடன் சென்ற சார்லசு டார்வின் தம் பயண நூலில் இதனைக் குறித்துள்ளார். (1964 ஆம் ஆண்டு அலாசுகாவிலும் நிலவியலார் நூற்றுக்கணக்கான இடங்களில் இவ்வாறே கொட்டலசு வரம்பைக் கொண்டுதான் நிலத்தின் ஏற்றத்தாழ்வை அளந்தனர். மாண்ட உயிர்களின் வரிசையே அவர்களுக்கு அளவுகோலாயிற்று.) பிட்சுராய் சென்றபின் என்ன நேர்ந்தது? உயர்ந்த தீவு, எவரும் அறியாமல், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராகத் தாழ்ந்துகொண்டே வந்தது. 175 ஆண்டுகளில் அவ்வுயர்வில் ஏறக்குறைய பாதி கரைந்துபோயிற்று. தாழ்ந்த பாறைகளில் உயிர்கள் குடியேறின. 2010 ஆம் ஆண்டு பிப்ரவரி 27 ஆம் நாள் 8.8 அளவுள்ள நடுக்கத்தில் அத்தீவு மீண்டும் 2 மீட்டர் அளவு உயர்ந்தது, குடியேறியவை காய்ந்தன. இத்தீவில் எந்த ஆண்டின் கரையை மெய்யான கரை என்று கொண்டு, அதற்கு மீள்வதை மீட்சி என்று கூறுவது?

நமக்கு அணித்தாகவும் இது நிகழ்ந்துள்ளது. நாகப்பட்டினத்தை அழித்த அதே 2004 டிசம்பர் 26 ஆம் நாள் நடுக்கத்தில், வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, பவளப் பாறைகள் வெயிலில் வெளுத்து மாண்டன. அதே நேரத்தில் தெற்கே பெரிய நிக்கோபாரின் முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, இந்திரா முனைக் கலங்கரை விளக்கின் அடி கடலுள் சென்றது. ஒரு பலகையின் ஒருபுறம் உயர மறுபுறம் தாழ்வது போன்றது அது. நிலத்தில் நின்ற காடு உப்பு நீரில் பட்டது. கடலுயிர்களுக்கோ புதிய இடம் வாய்த்தது. எதனை இழப்பு என்பது, எதனை ஆக்கம் என்பது, யார் பக்கம் நின்று நோக்குகிறோம் என்பதைச் சார்ந்ததாயிற்று.

இதுவரை கூறியதைக் கொண்டு, எல்லாம் மாறுவதே இயல்பு, ஆகவே வருந்தற்க என்று முடித்துவிடுவது எளிது. நம் இதழ்களில் அவ்வாறு முடித்த கட்டுரைகள் பலவற்றை நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் கைக்கோராவின் பின்வரலாறு அவ்வாறு முடிக்க விடவில்லை.

நடுக்கத்துக்குப் பின் அரசு அக்கரையில் பாவுவா முதலியவற்றை எடுப்பதைத் தடை செய்தது. விற்பவர்க்கும் தடை, தம் வீட்டு உணவுக்கு எடுப்பவர்க்கும் தடை. ஐந்து ஆண்டுகள் மக்கள் பொறுத்தனர். குளிர்ந்த நீரில் கூடை சுமந்தவர்களும் தம் பிழைப்பை விட்டு அவ்வைந்தாண்டும் பொறுத்தனர். பாவுவாவும் ஓரளவு பெருகியது. 2021 ஆம் ஆண்டு டிசம்பர் 1 ஆம் நாள் தடை நீக்கப்பட்டு, மூன்று திங்களுக்கு எடுக்க இசைவளிக்கப்பட்டது. விற்பனைக்கு எடுப்போர்க்குத் தனி அளவு. பொதுமக்களுக்கு ஒதுக்கிய அளவு 5 டன். பருவம் முடிந்தபின் கணக்கிட்டுப் பார்த்தபோது, பொதுமக்கள் எடுத்தது ஏறக்குறைய 42 டன் என்று மதிப்பிடப்பட்டது.

இம்மூன்று திங்களில் நிலம் நடுங்கவில்லை; அலையும் எழவில்லை. வந்தவருள் பெரும்பாலோர் சட்டத்தை மீறியவரும் அல்லர். ஒருவர்க்கு ஒரு நாளைக்கு ஐந்து என்னும் வரம்புக்கு உட்பட்டே எடுத்தனர். ஆனால் வந்தவர் மிகப் பலர். "கரை மீண்டுவிட்டது" என்ற செய்தியைக் கேட்டு வந்தவர் அவர். அச்செய்தியில் பொய் இல்லை. என் ஆறுதல் மொழியில் பொய் இல்லாதது போலவே.

இங்கேதான் என் வினாவுக்கு விடை கிடைத்தது என்று கருதுகிறேன். "மீண்டது" என்னும் சொல் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவதுபோல் தோன்றினும், உண்மையில் ஒரு கணக்கை முடித்து வைக்கிறது. இனிக் காத்திருக்க வேண்டா, இனிக் கை நீட்டலாம், இனி இவ்விடத்தை விட்டுப் போகலாம் என்று அது இசைவு தருகிறது. அக்கணக்கை முடிக்கும் உரிமை இழந்தவர்க்கு உண்டு. பாறைக்கும் பாசிக்கும் வாய் இல்லாமையால் அவற்றின் கணக்கை நாம் முடித்துவிடுகிறோம். அவ்வம்மையாருக்கு வாய் இருந்தது, அவர் மறுத்தார். நான் அவருக்குக் கூறியது கடலைப் பற்றிய செய்தியன்று. நான் புறப்பட வேண்டும் என்பதே. அரிசி மூட்டைகள் இறங்கிவிட்டன, வண்டி காத்திருந்தது. அவர் அதனைச் சரியாகவே கேட்டார்.

கிசாகோதமியின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். மாண்ட மகவைத் தோளில் சுமந்து வந்தவளிடம் பகவன், உயிர்கள் மீண்டும் பிறக்கும் என்றோ உலகம் மீண்டும் தழைக்கும் என்றோ கூறவில்லை. கடுகு கொண்டுவா என்று அனுப்பினார். அவள் வீடு வீடாக நடந்தாள். எப்போது மகவைக் கீழே வைப்பது என்பதை அவளே முடிவு செய்தாள். அவ்வரலாற்றை எத்தனையோ முறை எடுத்துரைத்த எனக்கு, நாகப்பட்டினத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

நியூசிலாந்தின் பழங்குடியினரான மவோரி மக்களிடம் ராகுயி என்றொரு வழக்கம் உண்டு. ஓர் இடத்தில் மீனும் மட்டியும் குறைந்துபோனால், அவை பெருகும் வரை அங்கே எவரும் எதையும் எடுக்கலாகாது என்று விலக்கு விதிப்பர். அதே நீரில் ஒருவர் மூழ்கி இறந்துபோனாலும் அதே பெயரால் அதே விலக்கை விதிப்பர். துக்கம் காப்பதற்கும் வளம் மீள்வதற்கும் அவர்களுக்கு ஒரே சொல், ஒரே செயல். இரண்டிலும் செய்ய வேண்டுவது கையை மடக்கி அப்பால் நிற்றலே. ஆராய்ச்சி நூல்கள் பலவற்றைப் படித்தபின் இவ்வொரு சொல்லைக் கண்டபோது எனக்கு உண்டான நாணம் சிறிதன்று.

கைக்கோராவில் அடுத்த பருவம் 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 முதல் சூன் 15 வரை, கோடை கழிந்து குளிர் தொடங்கும் இரு திங்களுக்கே திறக்கப்பட்டது. ஒருவர்க்கு ஒரு நாளைக்கு மூன்று என்று வரம்பும் குறைக்கப்பட்டது. உயர்ந்த மேட்டுப் பாறைகளில் இப்போது கடல் ஏறுவதில்லை. புதிதாக அகன்ற கரையில் வண்டிகள் ஓடத் தொடங்கி, அங்கே முட்டையிடும் சிறு பறவைகளுக்கு இடையூறாகி, அதற்கும் கட்டுப்பாடு வேண்டியதாயிற்று.

2006 ஆம் ஆண்டு வேறொரு பணியாக நாகப்பட்டினம் சென்றபோது அவ்வூருக்கும் போனேன். அம்மையார் சாலையோரத்தில் கூடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தார். கூடையில் சங்கராவும் காரலும் இருந்தன. என்னை அடையாளம் கண்டாரா என்று தெரியவில்லை. நிழலில் இருந்த கல்லைக் காட்டி, "உக்காருங்க" என்றார். அந்தி வரை அங்கே இருந்தேன்.